ஆடி மாதத்துப் படங்களும் ஆவணி மாதத்துக் கணக்கும்



ஆடி மாதம் எங்களைப் போன்ற படப்பிடிப்பாளர்களுக்குப் பஞ்ச மாதம். கலியாணம் இல்லை, வீடு குடிபூரல் இல்லை. கிளிநொச்சியில் நான் நடத்தும் சின்ன ஸ்ரூடியோவுக்கு இந்த நாட்களில் வருபவர்கள் பெரும்பாலும் 15 வயது நிறைந்து அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் பாடசாலைப் பிள்ளைகள்தான். ஆனாலும் இந்த மாதம் எனக்குப் பிடித்த மாதம். கமராவைத் துடைக்கவும், கணக்குக் கொப்பியைத் திறந்து பார்க்கவும், பழைய படங்களோடு வரும் அம்மாமாருடன் ஆறுதலாக இருந்து கதைக்கவும் நேரம் கிடைக்கிறது. வழமை போல, கடந்த வாரங்களில் எடுத்த படங்கள் பற்றியும் தொழில் நிலைமை பற்றியும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எடுத்த படங்கள்

ஆனி மாதக் கடைசியில் ஒரு சாமத்தியவீடு. அந்த வீட்டின் தகப்பன் 2009இல் இறந்துவிட்டார். அப்போது பிள்ளை பிறக்கவில்லையே என்று நீங்கள் கணக்குப் பார்ப்பீர்கள். உண்மைதான். தாயின் மூத்த மகளுடைய பிள்ளைக்குத்தான் சடங்கு. பேத்தியை வளர்த்தவர் அம்மம்மா. மகள் மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்கிறார். ஆரத்திக்கு ஆட்கள் நிரையாக நிற்க, அம்மம்மா மட்டும் குசினி வாசலில் நின்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாதபடி எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

இப்படியான வீடுகளில் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். சடங்கு தொடங்க முன்னரே, "முதல் படம் பிள்ளையும் பிள்ளையை வளர்த்தவரும். இது எங்கள் ஸ்ரூடியோ முறை" என்று சொல்லிவிடுவேன். படம் எடுப்பவர் முறை என்று சொன்னால் பெரியவர்கள் வாதாட மாட்டார்கள். வரிசை முறையைக் கமராக்காரர் தீர்மானிப்பதைச் சனம் ஏற்றுக்கொள்கிறது. அன்றைக்கும் அப்படித்தான். "நான் உதில வரக்கூடாது பிள்ளை" என்றார் அம்மம்மா. "வாங்கோ அம்மா, வெளிச்சம் போயிடும்" என்று சொன்னேன். வந்தார். பேத்தி அவருடைய கையைப் பிடித்தபடியே நின்றாள். அல்பத்தின் முதல் பக்கத்தில் அந்தப் படம் இருக்கிறது. ஒரு படம் ஊர் வழக்கத்தை ஒரு நாளில் மாற்றாது. ஆனால் அல்பம் 40 வருடம் வீட்டில் இருக்கும். அதைப் புரட்டும் பிள்ளைகளுக்கு, யார் முன்னுக்கு நின்றார் என்பது வழக்கமாகிவிடும்.

அடுத்தது ஒரு தேவாலயக் கலியாணம். மணமகளின் தகப்பன் காணாமல் ஆக்கப்பட்டவர். குடும்பப் படத்தில் அப்பாவையும் கணினியில் சேர்த்துத் தர முடியுமா என்று மணமகள் முதலே கேட்டிருந்தார். இப்படிக் கேட்பவர்கள் இப்போது அதிகம். நான் உடனே ஓம் என்று சொல்வதில்லை. முதலில் தாயைத் தனியாகக் கண்டு கேட்பேன். அந்த அம்மா சொன்னது இதுதான்: "பக்கத்தில நிக்கிற மாதிரிப் போடாதேங்கோ. அவர் வந்து நிக்காத இடத்தில நிண்டவர் எண்டு எப்பிடிச் சொல்லுறது? மாலை போட்ட படமாகவும் போடாதேங்கோ. அவர் செத்தவர் எண்டு நான் சொல்லேல்லை."

கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டார்கள். தகப்பனின் படத்தைப் பிறேம் போட்டு, மாலையும் பொட்டும் இல்லாமல், மகள் தன் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தாய் பக்கத்தில் நின்றார். வேறு குடும்பத்தார் வேறு விதமாக விரும்பலாம். கணினியில் சேர்த்த படத்தால் ஆறுதல் அடைந்த குடும்பங்களும் எனக்குத் தெரியும். எது சரி என்று படம் பிடிப்பவர் தீர்மானிக்கக் கூடாது. தீர்மானிக்க வேண்டியவரிடம் கேட்காமல் செய்யவும் கூடாது.

மூன்றாவது, ஒரு பெண்கள் குழுவின் பொருட்கள். மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனையோலைப் பெட்டிகள். தொலைபேசி வழியாக விற்பதற்குப் படம் வேண்டும் என்றார்கள். அவர்களே எடுக்கும்படி பழக்கிவிட்டு வந்தேன். உங்களுக்கும் சொல்கிறேன். காலை நேரம், யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. சுவரிலிருந்து மேசை வரை வளைந்து விழும்படி ஒரு வெள்ளைச் சீலை. யன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை மட்டை வைத்தால் நிழல் மெலிந்துவிடும். பிளாஷ் வேண்டாம். ஒரு பொருளுக்கு மூன்று படம் போதும்: முழுமையாக ஒன்று, கிட்டவாக ஒன்று, அளவு விளங்கக் கையில் வைத்தபடி ஒன்று.

தப்பிய படங்கள்

வெளிநாட்டுப் பாடசாலை விடுமுறைக் காலமாதலால் இந்த மாதங்களில் உறவினர்கள் ஊருக்கு வருவார்கள். ஒரு குடும்பம் தங்கள் பழைய வளவில் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டது. வீடு இல்லை. கிணறு மட்டும் இருந்தது. கிணற்றடியில் நின்று எடுத்தோம். அவர்களிடம் அதே கிணற்றடியில் எடுத்த பழைய படம் ஒன்று இருந்தது. அதில் நின்ற ஒரு பெடியனின் படம் இங்கேயுள்ள அவனுடைய தாயிடம் ஒன்றுகூட இல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எல்லாம் போய்விட்டது. அந்தத் தாய் படத்தை வாங்கிப் பார்த்தபின் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

சகோதரிகளே, இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். நாங்கள் கையில் கொண்டு ஓடிய படங்கள் வழியில் தொலைந்தன. யாருக்கோ தபாலில் அனுப்பிய படங்கள் தப்பின. ஆகவே உங்களிடம் படம் இல்லையென்றால், இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் பழைய அல்பங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அயலவர் கலியாண அல்பத்தில் பின்வரிசையில் அவர் நிற்கலாம். பாடசாலை வகுப்புப் படம், விளையாட்டுக் கழகப் படம், முதல்நன்மைப் படம், சாமத்தியவீட்டுப் படம் எல்லாவற்றையும் தேடுங்கள். கூட்டத்தில் நிற்கும் ஒரு முகத்தைப் பிரித்தெடுத்துத் தர ஒரு நல்ல ஸ்ரூடியோவால் முடியும்.

இருக்கும் படத்தைக் காப்பாற்றுவது அதைவிட முக்கியம். ஸ்ரூடியோவுக்கு வரும் படங்களைப் பார்த்துச் சில விடயங்களைச் சொல்கிறேன்.

மூலப்படத்தை ஒருபோதும் லமினேற் செய்யாதீர்கள். சூடும் பசையும் படத்தோடு ஒட்டிவிடும். பிறகு பிரிக்க முடியாது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி உறவுகளின் தொடர் போராட்டம் தொடங்கிய காலத்தில் இருந்து, எத்தனையோ தாய்மார் வெயிலிலும் மழையிலும் படங்களைக் கையில் ஏந்தி நின்றிருக்கிறார்கள். ஏந்துவதற்குப் பிரதியைக் கொண்டு போங்கள். லமினேற் செய்வதானாலும் பிரதியைச் செய்யுங்கள். மூலப்படம் வீட்டில் இருக்கட்டும்.

அலுவலகத்துக்கோ ஆணைக்குழுவுக்கோ நிறுவனத்துக்கோ மூலப்படத்தைக் கொடுக்காதீர்கள். 2013இல் அமைக்கப்பட்ட காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று எங்கள் பெண்கள் எத்தனை வாசல் ஏறியிருக்கிறார்கள்! ஒவ்வொரு வாசலிலும் ஒரு படம் கொடுத்தால் கடைசியில் வீட்டில் எது மிஞ்சும்? பிரதி கொடுங்கள். எந்த அலுவலகத்துக்கு, எந்தத் திகதியில் கொடுத்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

பிறேமின் கண்ணாடியில் படம் ஒட்டிப்போயிருந்தால் இழுக்காதீர்கள். தண்ணீரும் விடாதீர்கள். கண்ணாடியோடு அப்படியே கொண்டுவாருங்கள். அந்த நிலையிலேயே படம் பிடித்துப் பிரதி எடுக்கலாம். பசை தடவிய பக்கமும் மேலே பொலித்தீன் தாளும் உள்ள அல்பங்களில் படம் காலப்போக்கில் மஞ்சளாகிவிடும். இலகுவாக வருமானால் எடுத்து, ஒவ்வொன்றையும் வெள்ளைத் தாளில் சுற்றி, புகையும் ஈரமும் படாத அலுமாரியில் வையுங்கள். படத்தின் பின்பக்கம் பெயரும் ஊரும் வருடமும் எழுதுங்கள். குமிழ்முனைப் பேனா வேண்டாம், அழுத்தாமல் பென்சிலால் எழுதுங்கள். அம்மாவுக்குத் தெரிந்த முகங்கள் எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

தொலைபேசியிலேயே ஒரு பிரதி எடுத்து வைக்கலாம். வெயில் நேரே விழாத யன்னலடியில் படத்தைத் தட்டையாக வைத்து, பிளாஷை நிறுத்தி, சரிவு இல்லாமல் நேர் மேலே பிடித்து எடுங்கள். அதை வேறொருவருக்கும் அனுப்பிவையுங்கள். ஒரே படம் இரண்டு வீட்டில் இருந்தால் ஒன்று தப்பும்.

அடையாள அட்டை அளவுப் படத்தைப் பெருப்பிக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். 35க்கு 45 மில்லிமீற்றர் படத்தை ஸ்கானரில் 1200 அளவில் எடுத்தால் ஏறத்தாழ 1650க்கு 2120 புள்ளிகள் கிடைக்கும். 8க்கு 10 அங்குலத்தில் அச்சடிக்க அது போதும். ஆனால் மூலப்படம் தெளிவாக இருந்தால்தான். மங்கிய படம் பெருக்கும்போது மங்கலும் பெருகும். எனவே 300 அளவில் ஸ்கான் செய்து அனுப்பாதீர்கள். உங்கள் ஊர் ஸ்ரூடியோவில் 1200 என்று கேட்டு வாங்குங்கள்.

இயந்திரம் வரையும் முகம்

இப்போது தொலைபேசியில் ஒரு வசதி வந்திருக்கிறது. மங்கிய படத்தைப் போட்டால் ஒரு நிமிடத்தில் பளிச்சென்று நிறத்தோடு தரும். செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள். ஒரு பிள்ளை தன் அம்மாவுக்காக அப்படிச் செய்து என்னிடம் அச்சடிக்கக் கொண்டுவந்தாள். அம்மா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆர் இது?" என்று கேட்டார்.

அவர் கேட்டது சரி. இயந்திரம் மறைந்திருந்ததைக் கண்டுபிடிப்பதில்லை. முன்னர் பார்த்துப் பழகிய ஆயிரமாயிரம் முகங்களை வைத்து, இங்கே கண் இப்படி இருந்திருக்கலாம், பல் இப்படி இருந்திருக்கலாம் என்று தானாக வரைந்து நிரப்புகிறது. படம் அழகாக இருக்கும். ஆனால் அது உங்கள் பிள்ளையின் கண் அல்ல. கீறலை அகற்றுவதற்கும், பூஞ்சணக் கறையை எடுப்பதற்கும், வெளிறிய நிறத்தைச் சீர்செய்வதற்கும் நானும் கணினியைப் பாவிக்கிறேன். முகத்தின் உறுப்புகளில் கை வைப்பதில்லை. நீங்கள் படம் திருத்தக் கொடுக்கும்போது, "கண், மூக்கு, வாயை மாற்ற வேண்டாம்" என்று சொல்லுங்கள். திருத்தாத பிரதி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். விண்ணப்பங்களுக்கும் முறைப்பாடுகளுக்கும் திருத்தாத பிரதியைத்தான் கொடுக்க வேண்டும். இயந்திரம் வரைந்த முகத்தைக் கொடுத்தால், நாளைக்கு ஒருவர் அடையாளம் பார்க்கும்போது அதுவே தடையாகும்.

"இப்ப இருந்தால் எப்பிடி இருப்பான் எண்டு செய்து காட்டுவியளோ?" என்று ஒரு தாய் கேட்டார். "இயந்திரத்துக்கு உங்கட பிள்ளையைத் தெரியாது அம்மா. அது ஆரோ ஒருவரைத்தான் காட்டும். அது தெரிஞ்சும் வேணுமெண்டால் செய்து தாறன்" என்றேன். சிறிது நேரம் யோசித்தார். "வேண்டாம். எனக்குத் தெரிஞ்ச முகமே இருக்கட்டும்" என்று பழைய படத்தைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போனார்.

தொழில் செய்தி

ஆவணியில் கலியாணங்கள் தொடங்குகின்றன. இரண்டாவது கமரா ஒன்று வாங்கியிருக்கிறேன். புதியதல்ல, பாவித்தது. பெரிய கம்பனிகள் மிரர்லெஸ் கமராவுக்கு மாறிவிட்டதால், நல்ல நிலையில் உள்ள டிஎஸ்எல்ஆர் கமராக்களைச் சிலர் விற்கிறார்கள். பாவித்த கமரா வாங்கப் போகும் தங்கச்சிமார் ஒரு விடயத்தைக் கேட்க வேண்டும்: ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது? வெளித்தோற்றம் மினுங்கும். ஷட்டரின் ஆயுள் அதில் தெரியாது. இடைத்தரக் கமரா ஒன்றில் அது பொதுவாக ஒரு இலட்சத்திலிருந்து இரண்டு இலட்சம் தடவை வரை வேலை செய்யும். ஒரு கலியாணத்துக்கு 2,000 படம் எடுத்தால் 60 கலியாணத்தில் 120,000 முடிந்துவிடும். லென்ஸுக்குள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சணம். அதை வாங்க வேண்டாம்.

என்னோடு வேலை செய்யும் தங்கச்சிக்கு ஷெல் காயத்தால் ஒரு கை சரியாக இயங்காது. முன்பு கணினி வேலை மட்டும் செய்தார். இந்த மாதம் முக்காலியில் கமராவை வைத்து, தூரத்திலிருந்து அழுத்தும் ரிமோட்டுடன் ஸ்ரூடியோப் படங்களைத் தனியாக எடுக்கத் தொடங்கியிருக்கிறார். அடையாள அட்டைப் படங்கள் முழுவதும் இப்போது அவர் பொறுப்பு.

இனிக் கணக்கு. "அக்கா, பக்கத்து ஸ்ரூடியோக்காரர் குறைவாக எடுக்கினம்" என்று ஓர் இளம் படப்பிடிப்பாளர் கவலைப்பட்டார். அவருக்கு எழுதிக் காட்டிய உதாரணத்தை உங்களுக்கும் தருகிறேன். ஒரு கலியாணத்துக்கு 75,000 ரூபா வாங்குகிறோம் என்று வையுங்கள். அல்பம் 28,000. உதவியாளர் 8,000. வாகனம் 5,000. மின்சாரம், மெமறி காட், பென்டிரைவ் 3,000. கமராவும் லென்ஸும் 360,000 ரூபா என்றால், 60 கலியாணத்துக்குப் பிரித்தால் தேய்மானம் 6,000. செலவு 50,000. மிச்சம் 25,000. வீடு பார்த்து வர ஒரு நாள், படம் எடுக்க ஒரு நாள், திருத்த ஐந்து நாள், அல்பம் கொடுக்க ஒரு நாள் என்று எட்டு நாள் வேலை. ஒரு நாளுக்கு 3,125 ரூபா. போட்டிக்காக 15,000 குறைத்தால் ஒரு நாளுக்கு 1,250 ரூபாதான். கூலி வேலைக்குப் போனாலும் அதைவிட மிஞ்சும். தேய்மானத்தைக் கணக்கில் எழுதாதவர்தான் குறைத்துக் கொடுப்பார். கமரா பழுதாகும் அன்றைக்கு அவருடைய கடை பூட்டப்படும்.

பதிவு செய்யும்போதே பாதிப் பணத்தை வாங்கி, பற்றுச்சீட்டு எழுதுங்கள். சொந்தக்காரர் என்றாலும் எழுதுங்கள். எடுத்த படங்களை அன்றிரவே இரண்டு இடங்களில் பதிந்து வையுங்கள். அல்பம் கொடுக்கும் வரை மெமறி காட்டை அழிக்காதீர்கள். கலியாணத்தைத் திரும்ப நடத்த முடியாது.

கடன் பற்றியும் ஒரு வார்த்தை. கமரா வாங்குவதற்குக் கிழமைக்குக் கிழமை அறவிடும் நுண்கடனை எடுக்காதீர்கள். எங்கள் வருமானம் பருவத்தோடு வருவது. ஆடியிலும் மார்கழியிலும் ஓர் ஓர்டரும் இருக்காது. ஆனால் அறவிடுபவர் ஒவ்வொரு கிழமையும் வாசலில் நிற்பார். அந்தத் தவணையைக் கட்ட இன்னொரு இடத்தில் கடன், அதைக் கட்ட மூன்றாவது கடன் என்று நீண்டுபோகும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. சுமை எவ்வளவு என்று அதிலேயே விளங்கும். 2022இல் மின்வெட்டும் விலையேற்றமும் சேர்ந்து வந்தபோது, கடன் இல்லாத சிறிய கடைகளுக்குத்தான் மூச்சு விட முடிந்தது. மாதர் சங்கத்துச் சேமிப்பு, நம்பிக்கையான சீட்டு, கூட்டுறவு வங்கி ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

பிள்ளைகளின் படம் யாருக்குச் சொந்தம்?

சில ஸ்ரூடியோக்கள் சாமத்தியவீட்டுப் பிள்ளைகளின் படங்களை விளம்பரத்துக்காக முகநூலில் போடுகின்றன. பிள்ளையின் பெயரும் ஊரும் சேர்த்துப் போடுவதும் உண்டு. 12, 13 வயதுப் பிள்ளை அது. தகப்பன் இல்லாத வீடு என்று ஊருக்குத் தெரிந்த பிள்ளையாகவும் இருக்கும். நான் தாயும் பிள்ளையும் இருவரும் சம்மதித்து எழுதித் தராமல் ஒரு படத்தையும் வெளியே விடுவதில்லை. படம் எடுக்க ஆளைப் பேசும்போதே, "எங்களைக் கேட்காமல் எங்கும் போடக் கூடாது" என்று பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். காசு கொடுப்பவர் நீங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. யாராவது படத்தை வைத்துப் பயமுறுத்தினால் காசு கொடுக்காதீர்கள், மறைக்கவும் வேண்டாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. சிறுவர்களுக்கு 1929. பயமுறுத்தி அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். அவைதான் சாட்சி.

பெயர்ப்பலகை

ஸ்ரூடியோ தொடங்கியபோது பலகையில் தம்பியின் பெயரைப் போடும்படி பலர் சொன்னார்கள். பொம்பிளை எடுக்கும் படத்துக்கு ஆர் வருவினம் என்று கேட்டார்கள். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் படப்பிடிப்பாளராகப் போற்றப்படும் ஹோமாய் வியாரவாலாவின் ஆரம்ப காலப் படங்கள்கூடக் கணவரின் பெயரில்தான் வெளிவந்தன. அவருக்கு 2011இல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 48 வயதில் முதல் கமராவைக் கையில் எடுத்து உலகப் புகழ் பெற்ற ஜூலியா மார்கரெட் கமெரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே மறைந்தார். பொகவந்தலாவையில் அவருடைய கல்லறை இருக்கிறது. பெண்ணுக்கு இந்தத் தொழில் புதிதும் அல்ல, வயது பிந்தியதும் அல்ல. பலகையில் என் பெயரைத்தான் போட்டேன். பெண் பிள்ளைகளின் சடங்குக்கு ஒரு பெண் படம் எடுப்பதுதான் நல்லது என்று இன்றைக்குத் தாய்மாரே தேடி வருகிறார்கள்.

இந்த மாதம் உங்களுக்கு ஒரேயொரு வேலை தருகிறேன். வீட்டில் உள்ள படங்களில், போனால் திரும்பக் கிடைக்காது என்று நீங்கள் நினைக்கும் ஒரு படத்தை எடுங்கள். பின்பக்கம் பென்சிலால் பெயர் எழுதுங்கள். ஒரு பிரதி எடுத்து, இன்னொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். அடுத்த இதழில், தொலைபேசியால் குடும்பப் படம் எடுக்கும்போது வெளிச்சத்தை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். அதுவரை உங்களிடமிருந்து விடைபெறுகிறேன்.